சரக்கு விமானமும் விமானியின் தூக்கமும்: சேலத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாடகைக்கு ஓடும் சரக்கு விமானங்களில் இருபத்திரண்டு வருடம் விமானியாக இருந்துவிட்டு, இப்போது ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் கொஞ்சம் காப்பியும் மிளகுமாகக் காலம் தள்ளுகிறேன். உரம் வாங்கவோ பல் வைத்தியரைப் பார்க்கவோ சேலத்துக்கு இறங்கினால் தெரிந்தவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள்: லாரி வைத்திருப்பவர்கள், மாம்பழம் அனுப்புகிறவர்கள், மகனையோ மகளையோ விமானப் பயிற்சியில் சேர்க்க நினைக்கும் பெற்றோர். கேள்விகள் சுற்றிச் சுற்றி ஒன்றாகவே இருப்பதால் பதில்களை எழுதிவைத்துவிட்டேன்.

சார்ட்டர் சரக்கு விமானம் என்றால் என்ன?

சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. பார்சல் சர்வீஸ் லாரி தினமும் ஒரே நேரத்துக்குக் கிளம்பி ஒரே ஊருக்குப் போகும். லோடு லாரி அப்படி அல்ல. நாக்பூரில் இறக்கிய பிறகு அடுத்த லோடு எங்கே கிடைக்கிறதோ அங்கே போகும்; கிடைக்கும் வரை சாலையோரம் நிற்கும். கூரியர் நிறுவனங்களின் விமானங்கள் முதல் வகை. நான் ஓட்டியவை இரண்டாம் வகை. ஒரு நாள் ஜெனரேட்டர், மறுநாள் ரோஜாப்பூ, அடுத்த வாரம் பந்தயக் குதிரை. அடுத்த இரவு எந்த ஊரில் படுப்பேன் என்பது பல நாள் எனக்கே தெரியாது. இந்தத் தொழிலில் களைப்பின் வேர் அங்கேதான் இருக்கிறது. பறக்கும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரம்தான் ஆளை அரிக்கும்.

களைப்பு என்றால் தூக்கம் வருவதுதானே? முகத்தைக் கழுவிக்கொண்டு ஓட்டக் கூடாதா?

கூடாது. வயலில் ஒரு நாள் மண்வெட்டி பிடித்தால் வருவது உடல் அசதி, உட்கார்ந்தால் போய்விடும். விமானிக்கு வருவது வேறு. விழித்துக்கொண்டே இருப்பதால் மூளை மழுங்கிப்போகிறது. கண் திறந்திருக்கும், பேச்சும் ஒழுங்காக வரும். ஆனால் கணக்கு தப்பும். ஒரே விஷயத்தில் மனம் மாட்டிக்கொள்ளும். எதைப் பற்றியும் பெரிய கவலை இருக்காது. இந்தக் கடைசி அறிகுறிதான் மற்ற எல்லாவற்றையும்விட மோசம்.

ஓர் ஒப்பீடு சொல்கிறேன். தொடர்ந்து பதினேழு மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்று 1997-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவே 0.03 சதவீதம்தான். காலை ஐந்துக்கு எழுந்து இரவு பத்தரைக்கு ஐந்து ரோடு வழியாக வீடு திரும்புகிற ஆள், ஒரு சொட்டுக் குடிக்காமலேயே அந்த அளவைத் தாண்டியவரைப் போலத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஊதச் சொல்லும் கருவியில் இது தெரியாது.

இதோடு நேரமும் சேர்ந்துகொள்கிறது. அதிகாலை இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை உடலின் வெப்பமும் விழிப்பும் ஒன்றாகத் தாழ்ந்து கிடக்கும். பேய்கூட உறங்கும் நேரம் என்று பாட்டிமார் சொன்னது இதைத்தான். சரக்கு விமானங்கள் மும்முரமாக ஓடுவதும் அதே நேரத்தில்தான்.

சங்ககிரி லாரி உரிமையாளர் ஒருவர் கேட்டது: எங்கள் வண்டியில் இரண்டு டிரைவர் மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள். விமானத்திலும் இரண்டு பேர் இருக்கிறீர்களே, ஒருவர் தூங்கலாமே?

ஐயா, லாரியில் இரண்டாவது டிரைவர் மாற்று ஆள். விமானத்தில் இரண்டு பேரும் சேர்ந்துதான் ஓர் ஆள். ஒருவர் ஓட்ட, மற்றவர் அவரைக் கவனித்துத் தவற்றைப் பிடிக்க வேண்டும். ஒருவர் தூங்கிவிட்டால் பிடிப்பதற்கு ஆள் இல்லை.

நீண்ட பயணத்துக்கு மூன்றாவது, நான்காவது விமானியை ஏற்றி, பின்னால் படுக்கையும் போட்டுக்கொடுப்பது உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆள் கூடினால் பணி நேரத்தையும் கூட்டலாம் என்று விதி இடம் கொடுக்கும். உடனே நிறுவனங்கள் அதைக் கடைசி நிமிடம் வரை பிழிந்துவிடும். 2004 அக்டோபர் 14 அன்று கனடாவின் ஹாலிஃபாக்ஸில் எம்.கே. ஏர்லைன்ஸின் 747 சரக்கு விமானம் ஒன்று புறப்படும்போதே விழுந்து எரிந்தது. ஏழு பேர் இறந்தார்கள். முந்தைய நிலையத்தில் இருந்த எடை ஏறக்குறைய 240 டன். ஹாலிஃபாக்ஸில் கடல் உணவும் எரிபொருளும் ஏற்றிய பிறகு 350 டன்னுக்கு மேல். புறப்படும் வேகத்தைக் கணக்கிடப் பழைய எடையே எடுத்துக்கொள்ளப்பட்டிருக்க வேண்டும் என்று விசாரணை முடிவுசெய்தது. நூறு டன்னுக்கு மேல் வித்தியாசம். கணக்கில் வந்த வேகமும் எஞ்சின் விசையும் மிகக் குறைவு என்பது உள்ளே இருந்த ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஆள் அதிகம் என்பதற்காக 24 மணி நேரம் வரை நீளக்கூடிய பணி அது. களைப்பு அந்தத் தவற்றுக்கான வாய்ப்பைக் கூட்டியது என்று கனடா விசாரணை வாரியம் எழுதியது.

இதைச் சொன்னபோது அவர், டிரைவருக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை என்று சட்டம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிட்டார்.

களைப்புதான் காரணம் என்று அதிகாரபூர்வமாகச் சொல்லப்பட்ட விபத்து உண்டா?

உண்டு. முதலாவதே ஒரு வாடகைச் சரக்கு விமானம்தான்.

1993 ஆகஸ்ட் 18. அமெரிக்கன் இன்டர்நேஷனல் ஏர்வேஸின் டி.சி.-8 விமானம், கியூபாவில் உள்ள அமெரிக்கக் கடற்படைத் தளமான குவாண்டனாமோவுக்குப் போனது. மூன்று பேர் கொண்ட குழு. இரவு முழுக்க ஓட்டிவிட்டுக் காலையில் அட்லாண்டாவில் இறங்கியவர்கள். வேலை முடிந்தது என்று கிளம்பும் நேரத்தில் இன்னொரு சரக்கு வந்துவிட்டது. நார்ஃபோக் போய் ஏற்றிக்கொண்டு குவாண்டனாமோ போக வேண்டும். அங்கே இறக்கியதும் காலி விமானத்தை அட்லாண்டாவுக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அந்தக் காலிப் பயணம் மட்டும் வேறு விதிப்பிரிவில் வருவதால், வணிகப் பயணத்துக்கான நேர வரம்பு அதற்குப் பொருந்தாது. காகிதத்தில் எல்லாம் சட்டப்படி சரி.

இறங்கப் போகும்போது மாலை ஐந்து மணிகூட ஆகவில்லை; வானமும் தெளிவு. விமானத் தலைவர் விழித்து 23 மணி நேரத்துக்கு மேல், துணை விமானி 19 மணி நேரம், விமானப் பொறியாளர் 21 மணி நேரம். அங்கே ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே கியூபா எல்லை வேலி. எல்லையைக் காட்டும் மின்னும் விளக்கைப் பார்த்துக்கொண்டே கடுமையாக வளைந்து இறங்க வேண்டும். அன்று அந்த விளக்கு எரியவில்லை. அதை யாரும் அவர்களிடம் சொல்லவும் இல்லை. விளக்கு எங்கே, விளக்கு எங்கே என்று தலைவர் திரும்பத் திரும்பத் தேடிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் இருப்பவர்கள் வேகம் குறைகிறது என்று எச்சரிப்பது குரல்பதிவில் இருக்கிறது. காதில் விழுந்திருக்கிறது, மனத்தில் ஏறவில்லை. விமானம் இறக்கையின் பிடிப்பை இழந்து, ஓடுபாதைக்கு முன்பே தரையில் மோதியது. மூவரும் படுகாயத்தோடு பிழைத்தார்கள்.

பிழைத்ததால்தான் நமக்கு ஒரு விஷயம் தெரிந்தது. அந்த நேரத்தில் மந்தமாகவும், எதிலும் அக்கறை இல்லாமலும் இருந்ததாகத் தலைவர் விசாரணையில் சொன்னார். பயந்ததாகச் சொல்லவில்லை. தூக்கம் கண்ணைச் சுழற்றியது என்றுகூடச் சொல்லவில்லை. இதைப் படித்தபோது எனக்கு வயிறு கலங்கியது, ஏனென்றால் அந்த அக்கறையின்மை எனக்கும் பழக்கமானது. பெரிய விமான விபத்து ஒன்றில் குழுவின் களைப்பையே காரணமாக அமெரிக்க விசாரணை வாரியம் எழுதியது அதுதான் முதல் முறை.

அதற்குப் பிறகாவது விதி மாறவில்லையா?

பயணிகளுக்காக மாறியது. 2009-ல் பஃபலோ அருகே ஒரு பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் இறந்த பிறகு, அமெரிக்கா புதிய ஓய்வு விதிகளை எழுதி 2014 ஜனவரியில் அமலுக்குக் கொண்டுவந்தது. சரக்கு விமானங்களுக்கு மட்டும் விலக்கு. ஆகும் செலவுக்குக் கிடைக்கும் நன்மை போதாது என்பது அரசு சொன்ன காரணம். பின்னால் உட்கார்ந்திருப்பது மனிதனா பெட்டியா என்பதைப் பொறுத்து விமானியின் மூளைக்குத் தூக்கத் தேவை மாறும் என்று இவர்களுக்கு யார் சொன்னார்களோ.

விலக்கு முடிவாகி, விதி இன்னும் அமலுக்கு வராமல் இருந்த இடைவெளியில் ஒன்று நடந்தது. 2013 ஆகஸ்ட் 14 அன்று விடிவதற்கு முன், யூ.பி.எஸ். நிறுவனத்தின் ஏர்பஸ் சரக்கு விமானம் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் ஓடுபாதைக்கு முன்னால் இருந்த சரிவில் மோதியது. இரண்டு விமானிகளும் இறந்தார்கள். இறங்கிய முறையில் தவறு. களைப்பும் துணைக் காரணம் என்றது அறிக்கை. அந்தப் பயணத்தின் குரல்பதிவில், பயணிகள் விமானிக்கு ஓர் ஓய்வு விதி, நமக்கு ஒன்றா என்று அவர்களே குறைபட்டுக்கொண்டிருந்தது பதிவாகியிருக்கிறது. நியாயமாகச் சொல்ல வேண்டிய இன்னொன்றும் உண்டு. துணை விமானிக்குக் கிடைத்த ஓய்வு நேரத்தை அவர் தூங்கப் பயன்படுத்தவில்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. விதி படுக்கையைத்தான் கொடுக்கும். படுப்பது நம் பொறுப்பு.

ஐரோப்பாவில் சரக்கு விமானத்துக்கும் பயணிகள் விமானத்துக்கும் ஒரே விதிதான். அப்படி இருந்தும் அங்கே சரக்கு விமானங்கள் ஓடாமல் நின்றுவிடவில்லை.

இந்தியாவில் நிலைமை என்ன?

விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஜனவரியில் விதியைத் திருத்தியது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி நேரம் ஆனது. இரவு என்பது நள்ளிரவு முதல் காலை ஐந்து வரை என்றிருந்தது ஆறு வரை நீண்டது. இரவில் ஆறு முறை வரை இறங்கலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. களைப்பு குறித்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை நிறுவனங்கள் அறிக்கை தர வேண்டும் என்றும் சேர்த்தார்கள். நிறுவனங்கள் முணுமுணுத்ததில் அமலாக்கம் தள்ளிப்போய், 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரண்டு கட்டமாக வந்தது. அந்த டிசம்பரில் நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனம் போதிய விமானிகள் இல்லாமல் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்துசெய்ததும், அதற்குத் தற்காலிகத் தளர்வு கொடுக்கப்பட்டதும் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். கிட்டத்தட்ட இரண்டு வருடம் முன்கூட்டியே தெரிந்த விதி. இதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

தானியங்கிதானே ஓட்டுகிறது?

ஓட்டுகிறது. அதனால்தான் தூக்கம் வருகிறது. 2024 ஜனவரியில் இந்தோனேசியாவில் ஒரு பயணிகள் விமானத்தில் இரண்டு விமானிகளும் ஒரே நேரத்தில் 28 நிமிடம் தூங்கிவிட்டார்கள். பாதை விலகினாலும் விமானம் நிதானமாகப் பறந்துகொண்டுதான் இருந்தது. துணை விமானிக்கு வீட்டில் ஒரு மாதமே ஆன இரட்டைக் குழந்தைகள். யாருக்கும் காயம் இல்லை.

காப்பித் தோட்டம் வைத்திருக்கிறீர்கள். நல்ல காப்பி போதாதா?

என் வியாபாரத்துக்கு விரோதமாகப் பேசுகிறேன்: போதாது. குடித்து இருபது, முப்பது நிமிடம் கழித்துத்தான் வேலை செய்யும். பாதி கரைய ஐந்தாறு மணி நேரம் ஆகும். இறங்குவதற்கு முன் குடித்த காப்பி, ஓட்டல் அறையில் படுத்த பிறகு வந்து எழுப்பும். அடுத்த இரவுக்கான தூக்கக் கடன் இன்னும் ஏறும். விடிகாலை மூன்று மணிக்கு ஒரு குவளை என்றால் சரி. அதைத் தூக்கமாக எண்ணிக்கொள்வதுதான் தப்பு.

கோழித்தூக்கம் போடலாமா?

அதுதான் நல்ல மருந்து. விமானி அறையிலேயே, ஒருவர் மாற்றி ஒருவர், முன்கூட்டித் திட்டமிட்டு. நாசா நடத்திய சோதனையில் நாற்பது நிமிட ஓய்வு கொடுத்தார்கள். விமானிகள் சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள். செயல்திறன் 34 சதவீதமும் விழிப்பு 54 சதவீதமும் மேம்பட்டன. ஐரோப்பாவும் கனடாவும் இதை அனுமதிக்கின்றன. சோதனை நடத்திய அமெரிக்கா இன்னும் அனுமதிக்கவில்லை.

முன்பு லாரிக்காரரிடம் ஒருவர் தூங்கக் கூடாது என்று சொன்னேனே என்றால், அது சொல்லாமல் கொள்ளாமல் கண்ணயர்வதைப் பற்றி. இது சொல்லிவிட்டு, விமானம் உயரத்தில் நிதானமாகப் பறக்கும்போது மட்டும், நேரம் குறித்து. எழுந்த பிறகும் உடனே கட்டுப்பாட்டைத் தொடக் கூடாது. தூக்கக் கலக்கம் என்று நாம் சொல்கிறோமே, அது தெளியக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆழ்ந்து தூங்கி எழுந்தால் இன்னும் அதிகம். 2010 மே 22 அன்று மங்களூரில் 158 பேரைக் கொன்ற விபத்தை நினைத்துப் பாருங்கள். துபாயிலிருந்து வந்த விமானத்தின் தலைவர் வழியில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருந்தார். குறட்டை குரல்பதிவில் இருக்கிறது. எழுந்து இறக்கியவர் மேசை போன்ற மலை உச்சி ஓடுபாதையில் பாதிக்கு மேல் தாண்டித்தான் சக்கரத்தை வைத்தார். மேலே கிளம்பிவிடலாம் என்று துணை விமானி சொன்னது பலிக்கவில்லை.

இவ்வளவு தெரிந்தும் ஏன் யாரும் முடியாது என்று சொல்வதில்லை?

மாம்பழ வியாபாரி ஒருவர்தான் இதைக் கேட்டார். அவரிடமே திருப்பிக் கேட்டேன்: உங்கள் மல்கோவா நான்கு டன், வெயிலில் விமான நிலையத்தில் நிற்கிறது, விமானி களைப்பாக இருக்கிறது, பத்து மணி நேரம் தூங்கிவிட்டு வருகிறேன் என்கிறார். என்ன செய்வீர்கள்? யோசித்துவிட்டு, வேறு விமானியைக் கேட்பேன் என்றார். நேர்மையான மனிதர்.

என் கதையைச் சொல்கிறேன். வளைகுடாவில் ஓர் ஓட்டல். காலை ஒன்பதுக்கு எழுந்தேன். பதினோரு மணிக்குத் தொலைபேசி: இரவு எட்டுக்குப் புறப்பாடு. மதியம் தூங்க முயன்றேன். திரைச்சீலையின் இடைவெளியில் வெயில் கத்தி மாதிரி விழும். அலமாரியில் கால்சட்டை மாட்டும் கிளிப்பை எடுத்து இரண்டு சீலையையும் சேர்த்துக் கவ்வவைப்பது எங்கள் தொழில் ரகசியம். இருட்டாயிற்று. வராந்தாவில் தூசி உறிஞ்சும் இயந்திரம் ஓட ஆரம்பித்தது. ஆறு மணிக்கு மறுபடி தொலைபேசி: சுங்கத்தில் சரக்கு நிற்கிறது, பதினோரு மணிக்கு. பத்து மணிக்கு இன்னொன்று. கடைசியில் புறப்பட்டது விடிகாலை மூன்றே முக்கால். நிறுவனத்தின் கணக்கில் நான் அன்று பகல் முழுக்க ஓய்வில் இருந்தேன்.

இறங்கும்போது விழித்து இருபது மணி நேரத்துக்கு மேல். சுற்றிலும் மலை. ஏழாயிரம் அடிக்கு இறங்குங்கள் என்றார் கட்டுப்பாட்டாளர். ஏழாயிரம் என்று நான் திருப்பிச் சொன்னேன். என் கை உயரம் வைக்கும் குமிழைத் திருப்பி ஐந்தாயிரத்தில் நிறுத்தியது. சேர்வராயன் கோயில் நிற்கும் உச்சியே ஐயாயிரத்து முந்நூறு அடி. பக்கத்தில் இருந்த இளைஞர் ஒன்றும் பேசவில்லை. விரலை நீட்டி அந்த எண்ணைத் தொட்டார். நான் பார்த்தேன், ஐந்து என்று தெரிந்தது, ஆனால் அதில் என்ன தவறு என்று புரிய மூன்று, நான்கு விநாடி ஆயிற்று. அந்த விநாடிகளை இன்றும் என்னால் எண்ண முடியும்.

அன்று ஓட்டலிலேயே நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. எனக்கு ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தேன். களைத்த ஆளிடம் களைப்பாக இருக்கிறதா என்று கேட்பது, குடித்தவரிடம் ஓட்ட முடியுமா என்று கேட்பது போல. அதனால்தான் நான் விதியை வலியுறுத்துகிறேன். புத்தி தெளிவாக இருக்கும் பகல் நேரத்தில், வேறு யாராவது, மணிக்கணக்கைப் பார்த்து, இந்த ஆள் இன்று போகக் கூடாது என்று முடிவுசெய்துவிட வேண்டும். விமானியின் மனவுறுதியை நம்பி விடக் கூடாது.

வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது?

பலர் மறந்துவிடும் இடம் இது. ஒரு முறை சென்னையில் விடிகாலை இறங்கி, நானே கார் ஓட்டிக்கொண்டு ஏற்காட்டுக்கு வந்தேன். மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. எட்டாவது வளைவின் பலகை நினைவிருக்கிறது. ஒரு குரங்கு அதன் மேல் உட்கார்ந்திருந்தது. அடுத்து நினைவிருப்பது பதினொன்றாவது பலகை. நடுவில் இரண்டு வளைவுகளை யார் திருப்பினார்கள் என்று எனக்குத் தெரியாது. பன்னிரண்டாவதில் ஓரம் கட்டி, இருக்கையைச் சாய்த்துத் தூங்கிவிட்டேன். தேநீர் விற்க வந்த பையன் கண்ணாடியைத் தட்டித்தான் எழுந்தேன். அதற்குப் பிறகு ரயில்தான்.

சேலம் விமான நிலையத்துக்குப் பெரிய சரக்கு விமானம் வருமா?

காமலாபுரத்தில் ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர். சிறிய பயணிகள் விமானத்துக்குச் சரி. சரக்கு நிறைந்த 747 கிளம்ப மூவாயிரம் மீட்டராவது வேண்டும். நம் ஊர்ச் சரக்கு லாரியில் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்த்தான் விமானம் ஏறும். ஆகவே தொப்பூர் கணவாயை இரவு மூன்று மணிக்குக் கடக்கும் லாரி டிரைவரின் தூக்கமும் இதே சங்கிலியில் ஒரு கண்ணிதான்.

என் மகள் விமானி ஆக வேண்டும் என்கிறாள். சரக்கு விமான வேலைக்கு அனுப்பலாமா?

தாராளமாக. இருநூறு மணி நேரம் பறந்து வணிக உரிமம் எடுத்த பிறகு வேலை கிடைப்பதே பாடு; சரக்கு வேலை வந்தால் விடவேண்டாம். விமானம் ஓட்டும் கலையை அங்கே கற்பதுபோல வேறெங்கும் கற்க முடியாது. நேர்முகத்தில் மட்டும் மூன்று கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். புறப்பாடு தள்ளிப்போனால் ஓட்டலில் காத்திருக்கும் நேரத்தை ஓய்வாக எழுதுவீர்களா, பணியாக எழுதுவீர்களா? களைப்பு என்று ஒருவர் விலகினால் அன்றைய சம்பளம் பிடிக்கப்படுமா? கடந்த வருடம் அப்படி எத்தனை பேர் விலகினார்கள்? மூன்றாவது கேள்விக்கு ஒருவருமே இல்லை என்று பெருமையாகப் பதில் வந்தால், அடுத்த நிறுவனத்துக்கு விண்ணப்பம் எழுதச் சொல்லுங்கள்.